புதுமாப்பிள்ளையும் பள்ளத்து வாழையும்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி நகராட்சியிலிருந்து கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘பொதுச் சேவையில் மக்களை மையமாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு’. படித்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்குக் கொட்டாவி விட முழு உரிமை உண்டு என்பதால் தாராளமாகவே விட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தத் தலைப்பில் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கத்தான் செய்கிறது. அதில் செயற்கை நுண்ணறிவு வருகிறது, பொதுச் சேவை வருகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழைக்கன்றும் வருகிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நகராட்சியில் புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்தேன். ஊரின் பெயரைச் சொன்னால் இன்னும் சிலர் சண்டைக்கு வருவார்கள், அதனால் வேண்டாம். கண்ணாடியும் பருத்திச் சேலையுமாக உட்கார்ந்திருந்ததால் புகாரோடு வருகிற எல்லாருக்கும் நான் டீச்சர். திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இப்போது உங்களுக்குப் பாடம் எடுப்பதுபோல் தோன்றினால், அது அவர்கள் ஒட்டிவிட்ட வியாதி.

நம் அலுவலகத்தில் இயந்திரம் வந்த அன்றைக்கு ஆரத்தி எடுத்தோம். அதற்குக் குளிரூட்டிய தனி அறை, தனி மின் இணைப்பு, பூட்டுச் சாவி எல்லாம் உண்டு. யாரும் அதைத் தொடக் கூடாது, யாரும் அதைக் கடிந்து ஒரு சொல் சொல்லக் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அலுவலக உதவியாளர் சுயம்பு அதற்குப் புதுமாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். ஆணையர் வரைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

புதுமாப்பிள்ளையின் வேலை இதுதான். குப்பை வண்டியின் முன்னால் ஒரு கேமரா. வண்டி தினமும் காலையில் தெருத்தெருவாகப் போகும்போது அது படம் எடுக்கும். எங்கே பள்ளம், எங்கே ஓடை அடைத்திருக்கிறது என்று இயந்திரம் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, எது அவசரம் என்று தீர்மானித்து, ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவும் அனுப்பிவிடும். அது அனுப்பாமல் ஒரு கூடை மண்கூட அள்ளக் கூடாது. போனில் புகார் சொன்னால் தேன் ஒழுகும் ஒரு பெண் குரல் பதில் சொல்லும். அந்தக் குரல் கேட்கிறதே என்பதற்காகவே புகார் சொன்ன ஆண்களும் எங்கள் ஊரில் உண்டு.

இயந்திரத்தைக் கொண்டுவந்த நிறுவனத்தின் ஆள் அருண், கோயம்புத்தூர்ப் பையன். நல்ல பிள்ளை. எங்களையெல்லாம் மேசையைச் சுற்றி உட்கார வைத்து, “இந்த ஊர்ல மிஷின் எதைச் செய்யவே கூடாதுங்க?” என்று கேட்டான். அத்தனை வருஷப் பணியில் என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி. எல்லாரும் ஒரே குரலில், விசேஷம் நடக்கும்போது ரோட்டைத் தோண்டக் கூடாது என்றோம்.

காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை ஒரு தெருவில் மாதாவின் தேர் வரும் நேரம், அடுத்த தெருவில் அம்மன் கோயில் கொடை விழா. இரண்டு தெருவையும் ஒரே வாரத்தில் குழாய்க்காகத் தோண்டிப் போட்டோம். இரண்டு விழாக் கமிட்டியும் கைகோத்து வந்து அலுவலகத்தை முற்றுகையிட்டன. மத நல்லிணக்கத்தை அவ்வளவு நெருக்கத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு தெருவில் விசேஷம் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று அருண் கேட்டான். டீ கொண்டுவந்த சுயம்பு, “வாழை நிக்கும்லா சார்” என்றார். அதுவும் சரிதானே. கல்யாணமோ, கொடையோ, சர்ச் திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, தெருவில் வாழை நட்டிருந்தால் அங்கே விசேஷம். அருண் வாழை மரப் படங்களாகச் சேர்த்து இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தான். கவுன்சிலர்கள் தங்கள் பங்குக்கு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்கள். விழாவில் பவனி உண்டு என்று கமிட்டி விண்ணப்பித்தால், பாதையைத் தற்காலிகமாகச் சமப்படுத்துவது, பிளீச்சிங் பவுடர் போடுவது, தண்ணீர் லாரி அனுப்புவது எல்லாம் உடனே நடந்துவிட வேண்டும்.

உள்ளதைச் சொன்னால் அது நன்றாகவே வேலை செய்தது. அஞ்சுகிராமம் பக்கத்திலிருந்து பெண்ணழைத்து வந்த ஒரு கல்யாண வீட்டு வாசலில் குழாய் வேலையை இயந்திரம் தானாகவே தள்ளிப்போட்டது. பெண் வீட்டார் நேரில் வந்து லட்டு கொடுத்தார்கள். இயந்திரம் சாப்பிடாது என்பதால் நாங்கள் சாப்பிட்டோம்.

பிறகு மழைக்காலம் வந்தது. ரோட்டில் பள்ளம் விழுந்து, நகராட்சி கண்டுகொள்ளாவிட்டால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? பூதப்பாண்டிப் பக்கம் என்றால் நாற்றை நடுவார்கள். எங்கள் ஊரில் வயலெல்லாம் வீடாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வீடு புறவாசலில் வாழை உண்டு. ஒரு கன்றைப் பெயர்த்து வந்து பள்ளத்தில் நட்டுவிட்டு, பத்திரிகைக்காரருக்கு ஒரு போன் போடுவார்கள். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுக்கும் தெரியும். ஆனால் அருண் கேட்ட அன்றைக்கு ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எங்களில் யார் வீட்டு முன்னாலும் பள்ளம் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

பலன் என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். எந்தத் தெருவில் கோபம் அதிகமோ அந்தத் தெருவில் வாழை அதிகம். எந்தத் தெருவில் வாழை அதிகமோ அங்கே பெரிய விழா என்று புதுமாப்பிள்ளை முடிவு செய்து, பக்தியோடு வேலையை நிறுத்தி வைத்தது. வாழை நடத் தெரியாத சாதுவான தெருக்களிலெல்லாம் பள்ளத்தை அடைத்துத் தள்ளியது.

ஒரு நாள் காலையில் தங்கபாய் என்கிற அம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையிலிருந்த போனை என் கண்ணாடிக்கு நேராக நீட்டினாள். புகாருக்கு இயந்திரம் அனுப்பிய பதில் அதில் இருந்தது: ‘தங்கள் தெருவில் நடைபெறும் விழாவுக்கு நகராட்சியின் இனிய வாழ்த்துகள். விழா நிறைவடைந்ததும் பணி தொடங்கும்.’

“டீச்சரே, எங்க தெருவுல என்ன கொடைன்னு நீங்க சொல்லணும். சொன்னா நானும் குளிச்சிட்டு வந்து கும்பிட்டுக்கிடுவேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவளுடைய கணவர் ஞானதாஸ் ஆட்டோ ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்து வர வேண்டும். தெரு தொடங்கும் இடத்தில் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம். அதைத் தாண்டி எந்த ஆட்டோவும் வராது. ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஞானதாஸின் கூட்டுக்காரர்கள், பழைய சிநேகிதர்கள்தான், ஆனால் அச்சு முறிந்தால் அவர்கள் பிழைப்பு என்னாவது? அதனால் அவரை ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போகிறார்கள். மழை இன்னும் வலுத்துப் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தால் அதுவும் முடியாது. முன்பு ஒரு முறை தவறியதில் அவருக்குக் காலெல்லாம் வீங்கி மூச்சு முட்டிவிட்டதாம்.

“வாழையைப் பிடுங்கிவிட்டால் இயந்திரம் சரியாகிவிடுமே” என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

“பிடுங்கலாம் டீச்சரே. தண்ணி கெடக்கும்போ பள்ளம் எங்கன்னு எவனுக்குத் தெரியும்? இப்பம் வாழையப் பாத்தாக்கும் பைக்குக்காரன் ஒதுங்கிப் போறான்.”

வாழையை விட்டால் பள்ளம் அடையாது, எடுத்தால் யாராவது விழுவார்கள். நான் கணினியைத் திறந்து அந்தத் தெருவைப் பார்த்தேன். அழகான ஒரு சிறு கொடியோடு ‘விழா’ என்று இருந்தது. மாற்றலாம் என்றால், விழா தொடங்கும் நாள், விழா முடியும் நாள் என்று இரண்டே கட்டங்கள். விழாவே இல்லை என்று சொல்ல வழி கிடையாது. முடியும் நாளாக அன்றைய தேதியைப் போட்டேன். மறுநாள் குப்பை வண்டி போய் வாழையைப் படமெடுத்ததும் ‘விழா நீட்டிப்பு’ என்று தானே மாற்றிக்கொண்டு, தங்கபாய்க்கு இன்னொரு வாழ்த்தும் அனுப்பிவிட்டது.

அருணைப் போனில் பிடித்தேன். பிழைதான் என்று ஒத்துக்கொண்டான். இயந்திரத்துக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும், தலைமை அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம் என்றான். எங்கள் ஆணையரோ இளவயதுக்காரர், எதிலும் நிதானம். இயந்திரம் விழா என்கிறது, நாம் இல்லை என்று தோண்டி, உண்மையிலேயே விழா இருந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். விழா இல்லை என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கிவிடுங்கள் என்றார். கிராம நிர்வாக அலுவலர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “இருக்குன்னா எழுதித் தரலாம் டீச்சர். இல்லைன்னு எப்படி எழுத? பொறவு மாடசாமி கனவுல வந்து எங்கிட்டக் கேட்டா?” என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதில் கெட்டவர் யார்? அருண் எங்களைக் கேட்டுத்தான் செய்தான். நாங்கள் மக்களுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னோம். ஆணையர் தன் கையெழுத்துக்குப் பயந்தார், அது குற்றமில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்து ஒரு மனிதரைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தோம். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. சுயம்புவின் மேல் காட்டினேன், டீயில் சீனி அதிகம் என்று.

மறுநாள் தங்கபாய் மறுபடி வந்தாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. விடிந்தால் ஆஸ்பத்திரி முறை, பள்ளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். குரல் உயர்த்தவில்லை, என் எதிரில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஞானதாஸ் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“அவருக்கு எல்லாம் தமாசு டீச்சரே. என்னைய நாற்காலியில வச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போறதப் பாத்தா மிஷினு கொடைன்னு நெனைக்கத்தானே செய்யும், அதையும் குத்தம் சொல்லாதண்ணு சொல்லுகாரு.”

நாலு பேர் தூக்கிக்கொண்டு போவது என்றால் அதற்கு என்ன பெயர்? பவனி! கவுன்சிலர்கள் சேர்க்கச் சொன்ன அந்த விதி நினைவுக்கு வந்தது. இயந்திரம் விழாவைத்தான் நம்புகிறது என்றால் நாம் விழாவையே நடத்திவிடுவோம். விண்ணப்பத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். விழாவின் பெயர்: ஞானதாஸ் பவனி. புறப்படும் இடம்: அவர் வீடு. சேரும் இடம்: ஆஸ்பத்திரி. வாகனம்: நாற்காலி, பிறகு ஆட்டோ. சுமப்பவர்கள்: பக்கத்து வீட்டார். எப்போது: ஒன்றுவிட்டு ஒரு நாள். தங்கபாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த கட்டம், விழா முடியும் நாள். அதை நிரப்பாமல் இயந்திரம் விண்ணப்பத்தை வாங்காது.

என் கை நின்றுவிட்டது. என்ன டீச்சரே என்று எட்டிப் பார்த்தவள் அதைப் படித்தாள்.

“கெலண்டர்ல உள்ளதுலயே ரொம்பத் தூரத்துல ஒரு தேதி இருக்கும்லா டீச்சரே, அதப் போடுங்க” என்றாள்.

போட்டேன். எவ்வளவு தூரம் அனுமதித்ததோ அவ்வளவு தூரத்துக்குத் தள்ளிப் போட்டேன். பிறகு ஆணையரின் அறைக்குப் போய்த் திரையில் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தார். “இதுல பொய் எதுவும் இல்லையே, மேடம்” என்றார். இல்லை என்றேன். அனுமதியை அழுத்தினார். அந்த மனிதரை அன்றிலிருந்து எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதுமாப்பிள்ளை உடம்பு முறுக்கி எழுந்தது. சாயங்காலத்துக்குள் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். லாரியில் ஜல்லியும் மண்ணும் வந்து பள்ளம் மட்டமானது. தெரு நெடுக பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். கொட்டுகிற மழையில் ஒரு தண்ணீர் லாரியும் வந்து நின்றது. பக்தர்கள் வசதிக்காக ஒரு நடமாடும் கழிப்பறை வந்தது. மறுநாள் காலையில் பவனி பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரரும் வந்து, சப்பரம் எங்கே என்று தங்கபாயிடம் கேட்டார். அவள் வீட்டு வாசலில் நின்ற ஆட்டோவைக் காட்டினாள். உள்ளே ஞானதாஸ் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து போலீஸ்காரருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். பழகிய தோஷம், ஆட்டோ ஓட்டுகிற கூட்டுக்காரனிடம், “மக்கா, பையப் போ, சாமி இருக்குல்லா” என்றாராம்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்படியானால் இயந்திரத்தை ஏமாற்றத் தெரிந்துகொள்வதுதான் பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு எனக்கு உள்ளே வலித்தது. உடம்பு முடியாத ஒரு மனிதர் ரோட்டைக் கடப்பதற்குச் சாமியாக மாற வேண்டியிருந்தது. மற்றத் தெருக்களில் எத்தனை பேருக்கு என் மேசை வரை வந்து நிற்கவும், நாற்காலியில் தூக்கிப் போக ஆள் கிடைக்கவும் வாய்த்திருக்கும்? மழை விட்டதும் ஆணையர் அருணை வரச்சொன்னார். இந்தத் தடவை மேசையைச் சுற்றி நாங்கள் மட்டும் இல்லை. வாழை நட்ட தெருக்காரர்களையும் கூப்பிட்டோம். தங்கபாய் வந்திருந்தாள். ஆட்டோக்காரர்களும், மணவாளக்குறிச்சியிலிருந்து மீன் கொண்டுவந்து நம் தெருக்களில் விற்கிற பெண்களும் வந்தார்கள். அருண் திரையில் காட்டிய அழகான படங்களை அவர்கள் மதிக்கவே இல்லை. போனில் அந்தக் குரலை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு ஆளிடம் பேச வேண்டுமானால் எதை அழுத்த வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

எதை அழுத்தினாலும் கிடைக்காது என்பதுதான் அன்றைய உண்மை. அதனால் இரண்டு விஷயம் மாற்றினோம். வாழையைப் பார்த்தால் இயந்திரம் தானாக முடிவு செய்யக் கூடாது, அந்தத் தெருக்காரரிடம் கேட்க வேண்டும். அதன் பதிலில் திருப்தி இல்லாதவர் பேச ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு இயந்திரம் சொன்னதை மாற்ற அதிகாரம் இருக்க வேண்டும், அதற்குச் சான்றிதழ் கேட்கக் கூடாது. ஓய்வு பெறும் வரை அந்த இருக்கையில் நான்தான் இருந்தேன். அந்தத் தெருவுக்குத் தார் ரோடும் வந்தது. ரோடு போட்ட பிறகு, அந்தப் பொய் விழாவைப் பதிவிலிருந்து நீக்கிவிடட்டுமா என்று அருண் கேட்டான். பொய் இல்லை, இருக்கட்டும் என்றேன். இன்றைக்கும் மழை வலுத்தால் புதுமாப்பிள்ளை முதலில் அந்தத் தெருவுக்குத்தான் ஆள் அனுப்புகிறது.

சமீபத்தில் தங்கபாயின் மகளுக்குக் கல்யாணம். அழைத்திருந்தாள், போயிருந்தேன். வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு. ஞானதாஸ் அதே நீல நாற்காலியில் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்து, வருகிறவர்களைக் கைபிடித்து வரவேற்றுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் குரல் கணீரென்று இருந்தது. யாரும் தூக்காமல் அந்த நாற்காலி தரையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தங்கபாய் ஓடிவந்து போனை என் கண்ணாடிக்கு நேராக நீட்டினாள். அன்று காலையில் இயந்திரம் அனுப்பிய கேள்வி: ‘தங்கள் தெருவில் வாழை காணப்படுகிறது. விழாவா, பள்ளமா?’ அதன் கீழே, அலுவலரிடம் பேச விரும்பினால் அழைக்க வேண்டிய எண். கல்யாணத்துக்கு வந்த எல்லாரிடமும் அதைக் காட்டியிருக்கிறாள்.

விழா என்று பதில் போட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

“போடல டீச்சரே. கீழ நம்பர் இருக்குல்லா, அதுல ஆளக் கூப்பிட்டேன். எம் மவளுக்குக் கல்யாணம், இது உள்ளதான விசேஷமாக்கும்னு சொன்னேன். ஒரு கொச்சுப் பொண்ணு எடுத்தா. நல்லா இருக்கட்டும் அக்கான்னு அவ வாயாலேயே சொன்னா.”

அந்த எண்ணில் பேசிய பெண் உங்களில் யாரோ ஒருத்தி. யாரென்று நான் விசாரிக்கவில்லை. அந்த போன் அடிக்கும்போது இனியும் எடுங்கள்.